பின்னால் ஒரு வீடு, நடுவில் ஒரு பட்டறை

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நாள்தோறும் ஒரு பக்கமாவது கையால் எழுத வேண்டும் என்று டொக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். எழுத்து பெரிதாக இருக்க வேண்டுமாம். மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் தொட வேண்டுமாம். அரிவரி வகுப்பில் சட்டம்பியார் சொன்னதும் இதைத்தான். அவர் பிரம்பும் வைத்திருந்தார். இந்த அம்மாவிடம் அது இல்லை, கனடா முன்னேறிய நாடு.

கொப்பியும் பேனையுமாகச் சமையலறை மேசையில் இருந்தபோது புனிதம் வந்து, "என்ன எழுதுறியள்?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதுவும் எழுதி அவள் பார்த்ததில்லை.

"பயணக் குறிப்பு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"எந்தப் பயணம்?"

அப்போதுதான், இனி ஒரு பயணம் வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

ஜூன் 7, சனி

ட்ரெயிலர் வாங்கிவிட்டேன். பொய்க்குக் கால் முளைக்கும் என்று கேட்டிருக்கிறேன். என்னுடைய பொய்க்கு நாலு சக்கரம், இரண்டு கட்டில், ஒரு குளியலறை எல்லாம் முளைத்திருக்கின்றன.

லெடுக் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி விற்றார்கள். உள்ளே சிறிய அடுப்பு, மடிக்கிற மேசை, பூப்போட்ட திரைச்சீலை. வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டதும் புனிதம் ஒரு தரம் சுற்றி வந்தாள். உள்ளே ஏறிக் கட்டிலை அமத்திப் பார்த்தாள்.

"நாலு அறை வீடு கிடக்கு. இதுக்குள்ளை போய் ஏன் முடங்குவான்?"

"மலை பார்க்க வேணுமெண்டு சொன்னனீர்தானே?"

"அது தர்ஷிகா சின்னப்பிள்ளையா இருக்கேக்கை சொன்னது. இப்ப அவள் மலையிலேயே வேலை எடுத்துக்கொண்டு போட்டாள்."

"மகளிட்டையே போவம். ஜாஸ்பர் மலையைப் பார்த்துக்கொண்டு கம்லூப்ஸுக்கு."

"வேலை?"

"லீவு."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். எண்ணெய்க் குழாய் ஒட்டும் இந்த வேலையில் நான் லீவு எடுத்தது செத்தவீடுகளுக்கு மட்டும்தான். ஆர் செத்தது என்று கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. திரைச்சீலையைக் கழற்றித் தோய்க்கக் கொண்டு போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

ட்ரக்கையும் ட்ரெயிலரையும் சேர்த்துப் பார்த்தோம்.

என்னுடைய ட்ரக்கின் முதுகில் ஒரு பட்டறையே இருக்கிறது. சொந்த என்ஜினோடு ஓடும் வெல்டிங் மெசின், காஸ் சிலிண்டர்கள், சுருள் சுருளாக வயர், இரும்புப் பெட்டிகள், வால் பக்கத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பெரிய குறடு. இத்தனைக்கும் மேலே ட்ரெயிலரின் மூக்குப் பாரமும் ஏறியதும், ட்ரக் பின்காலில் குந்திவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. ட்ரெயிலரோ ஏச்சு வாங்கிய பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"உந்த மெசினை இறக்கி வைச்சிட்டு வந்தால் என்ன?" என்றாள் புனிதம்.

"வழியிலை ஏதும் உடைஞ்சால்?"

"ஊர் பார்க்கப் போறவை சட்டி பானை கொண்டு போவினம். நீங்கள் பட்டறையைக் கொண்டு வாறியள்."

கதவின் உள்பக்கத்தில் இந்த ட்ரக் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாசித்தேன். கதவை மெதுவாகச் சாத்தினேன். என்னிடம் வேலை பழகிய எத்தனையோ பெடியளை "தாளை வாசியடா" என்று ஏசியிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லாதது நல்லது.

ஜூன் 11, புதன்

ட்ரெயிலரை ட்ரக்கின் கொக்கியில் பூட்டிப் பழகினேன். பூட்டுக்குள் போடும் ஆணி ஓட்டைக்குள் போக மாட்டேன் என்கிறது. ஆணி கோணல். புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

புது ஆணியும் கோணல்.

ஜூன் 14, சனி

ஒருவழியாகக் கிளம்பி, இப்போது ஹின்டனுக்கு வெளியே ட்ரெயிலர்கள் தங்கும் ஒரு முகாமில் நிற்கிறோம். உயிரோடு நிற்கிறோம் என்று புனிதம் திருத்தச் சொல்கிறாள்.

எட்மன்டனைத் தாண்டும் வரை எல்லாம் சுகம். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் எனக்கு லைட் அடித்தார்கள். ட்ரெயிலர்காரருக்குள் இப்படி ஒரு சகோதரத்துவம் இருக்கிறதே என்று நானும் கை காட்டிக்கொண்டு வந்தேன். எட்சன் கிட்ட மழை பிடித்து இருட்டிய பிறகுதான் விளங்கியது. ட்ரக்கின் மூக்கு மேலே கிளம்பியிருப்பதால் என் லைட் அவர்களின் கண்ணுக்குள் அடிக்கிறது. அவர்கள் காட்டியது சகோதரத்துவம் அல்ல.

எட்சனுக்கு அப்பால் மரம் ஏற்றிய பெரிய லொறி ஒன்று எங்களை முந்தியது. அந்தக் காற்றில் ட்ரெயிலர் ஒரு பக்கம் இழுபட்டது, பிறகு மறுபக்கம். நாய் வாலை ஆட்டுவது தெரியும். வால் நாயை ஆட்டுவதை இன்றுதான் கண்டேன். ஸ்டியரிங்கில் பிடிப்பே இல்லை, முன்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் ஓடியது. வேகத்தைக் குறைத்து, ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி, மெல்ல ஓரங்கட்டினேன். புனிதம் முருகனைக் கூப்பிட்டவள் பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டாள்.

"காத்து" என்றேன்.

"மரத்திலை ஒரு இலை ஆடேல்லை" என்றாள்.

இறங்கி மழையில் நின்றோம். அவள் மெசினைக் காட்டி, "உதை ஆரிட்டையாவது விட்டிட்டுப் போவம். எங்களைக் கொல்லப்போகுது" என்றாள்.

"அது இல்லாட்டி இது என்ரை ட்ரக்கே இல்லை."

"பின்னை ஆற்றை ட்ரக்?"

அதற்கு மறுமொழி இருந்தது. நீளமான மறுமொழி. மழை பெய்ததால் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

முகாமின் மேற்குப் பக்கம் முழுக்க மலை. புனிதம் விடியற்காலையிலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருக்கிறாள். அவ்வப்போது, "எப்பிடி நிக்குது பாருங்கோ" என்கிறாள். மலை வேறெப்படி நிற்கும்.

எனக்கு அரைக் கோப்பை தேத்தண்ணீர்தான் தந்தாள். இந்த வருடம் முழுக்க அரைக் கோப்பைதான். கேட்டால், "குடிச்சிட்டுத் திரும்பக் கேளுங்கோவன்" என்கிறாள். வயது போகப் போகச் சிக்கனம் பழகுகிறாள். என் பிறந்தநாளுக்கும் பொத்தானே இல்லாத சட்டைகளாகப் பார்த்து வாங்கி வந்தாள். பொத்தானிலும் சிக்கனம்.

பின்னேரம் ட்ரெயிலரின் அடிப்பக்கம் படுத்துப் பார்த்தேன். மூக்குச் சட்டம் கொக்கியோடு சேரும் இடத்தில் மயிர் போல ஒரு கோடு. விரலால் துடைத்தேன், போகவில்லை. இரும்பு வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. நேற்றைய ஆட்டத்தின் பரிசு. இதோடு மலை ஏறினால் வீடு ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் போவோம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. ஊர்ந்து வெளியே வந்து, "புனிதம், வெடிச்சுப் போச்சு" என்று கூப்பிட்டேன். தங்கம் கண்டெடுத்தவன் கூட இப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டான்.

"இப்ப சொல்லும், மெசின் ஏன் கொண்டு வந்தனான்?"

"மெசின் கொண்டு வந்ததாலைதானே வெடிச்சது" என்றாள் அவள்.

இதுவும் சரிதான். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 16, திங்கள்

முகாமில் நெருப்புப் பொறி பறக்கவிடக் கூடாது. ஆகவே ஆமை வேகத்தில் ஊருக்குள் உருட்டிப் போய், கோர்டி என்பவரின் பட்டறையைக் கண்டுபிடித்தேன். பெரிய உடம்பு, சிவந்த தாடி, வாய் ஓயாத மனிதர். முற்றத்தில் ஒரு மூலை தந்தால் போதும், மெசின் என்னிடம் இருக்கிறது, நானே ஒட்டிவிடுவேன் என்றேன். அவர் என் ட்ரக்கைச் சுற்றி வந்து, மெசினைத் தட்டிப் பார்த்து, "கலியாண வீட்டுக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்ற கருத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மூலையைத் தந்துவிட்டு, வெளிவேலை ஒன்றுக்குப் போய்விட்டார்.

முகமூடியைப் போட்டேன். வெல்டிங் குச்சியைப் பிடித்தேன். முதல் தொடுகையில் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டது. பழகுகிற பெடியளுக்குத்தான் இப்படி ஒட்டும். இரண்டாவது தரம் பொறி வந்தது. ஆனால் கோடு நேரே ஓடவில்லை. கோழி கிளறிய மாதிரி அங்கொரு குவியல், இங்கொரு குழி. குச்சி ஈரம். இரண்டு கையாலும் பிடித்தேன். அந்தப் பெட்டியிலுள்ள குச்சி முழுக்க ஈரம்.

பிறகு கிரைண்டரால் மட்டமாக உராய்ந்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பெயின்ட் மிக அழகாக வந்திருக்கிறது.

முற்றத்திலேயே தங்கச் சொல்லிவிட்டார் கோர்டி. இன்றைக்கு இவ்வளவும் போதும்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் புனிதம் பாணும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்து ஆசனத்தில் ஏறி, பெல்ட்டும் போட்டுவிட்டாள். தர்ஷிகாவுக்கு, "நாளைக்குப் பின்னேரம் நிப்பம் பிள்ளை" என்று போனில் சொன்னாள். நான் சாவியைப் போட்டேன். திருப்பவில்லை.

"என்ன, ஸ்டார்ட் வரேல்லையோ?"

"வரும்."

"பின்னை?"

"இறங்கும்."

"ஏன்?"

"அந்த ஒட்டு சரியில்லை."

"வடிவாத்தானே கிடக்கு."

"பெயின்ட்தான் வடிவு. வேறை ஆரும் உப்பிடி ஒட்டியிருந்தால், அவனை வேலையாலை நிப்பாட்டச் சொல்லி நானே எழுதிக் குடுத்திருப்பன். இதை நம்பி உம்மை ஏத்திக்கொண்டு மலையிலை இறங்க ஏலாது."

"ஏன் சரி வரேல்லை?"

"குச்சி ஈரம்" என்றேன். முற்றத்தின் மறுபக்கத்தில் யாரோ இரும்புக் கதவைத் திறந்தார்கள். "குச்சி ஈரமில்லை. கை" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து உந்தக் கைக்குப் பக்கத்திலைதானே படுக்கிறன். நீங்கள் நல்ல நித்திரையாப் போனால்தான் அது ஓயுது. அது ஓயுமட்டும் பார்த்திட்டுத்தான் நானும் கண்ணை மூடுறது."

இதை அவள் சம்பலில் உப்புக் காணாது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் முன்கண்ணாடி கலங்கித் தெரிந்தது. வைப்பரைப் போட்டேன். மழை இல்லை. அணைத்தேன்.

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். நீங்கள் ட்ரெயிலர் வாங்கினியள்."

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் அம்மா சொன்ன பெயரையும் சொன்னேன். பார்க்கின்சன். இந்தக் கொப்பியில் அதை இன்றுதான் எழுதுகிறேன். நீளமான பெயர், எழுத்துப் பயிற்சிக்கு நல்லது. மருந்து இருக்கிறது, மெதுவாகத்தான் கூடும், பல வருடம் நன்றாக இருக்கலாம் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். வேலையை நானே விட்டுவிட்டேன் என்பதையும், அது லீவு இல்லை என்பதையும், கை ஓடும் காலத்துக்குள்ளேயே அவளுக்கு மலையைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்ததையும் சொன்னேன்.

"அதுக்கு மெசின் ஏன்?"

"மெசின் ட்ரக்கிலை நிண்டால் நான் வெல்டர். இறக்கினால் நடுங்கிற கிழவன்."

"இப்ப மட்டும் என்ன" என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பாணும் சம்பலும் அங்கேயே ட்ரக்குக்குள் சாப்பிட்டோம். சம்பலில் உண்மையாகவே உப்புக் காணாது.

கோர்டியிடம் போய், நான் ஒட்டியது பிழை, வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப ஒட்டித் தர வேண்டும் என்று கேட்டேன். இந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் சொல்ல, வேலைக்கு நேர்முகம் போன நாளிலும் நான் இவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை. அவர் கிரைண்டரை வைத்து ஒட்டை அறுத்துத் திறந்தார். உள்ளே இரும்பு இரும்போடு சேராமல் இடையில் கறுப்பாய்க் கிடந்தது.

"ஆர் செய்தது?" என்று கேட்டார், சற்று முன் நானே சொன்னதை மறந்து.

"நான்."

என் கையைப் பார்த்தார், உடனே வேறெங்கோ பார்த்தார். என் மெசினை ஓட்டி, என் குச்சியாலேயே ஒட்டினார். குச்சியில் ஈரம் இல்லை. வேலை முடிந்ததும் குனிந்து, கண்ணாடி போட்டு, வெளிச்சம் பிடித்து, பிழை பிடிக்கப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

மெசினை இறக்கியாயிற்று. கோர்டியின் ஃபோர்க்லிஃப்ட் தூக்கியது. சிலிண்டர், பெட்டி, குறடு எல்லாமே போயின. "சும்மா வைக்காதே, ஓட்டு. ஓட்டாமல் விட்டால்தான் பழுதாகும்" என்று சொன்னேன். எப்போது திரும்ப எடுக்க வருவாய் என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு, கைவிரலெல்லாம் நோக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பிடித்திருந்த அந்த நேரம் அது ஆடவில்லை. ஆட இடம் இருக்கவில்லை.

பாரம் இறங்கியதும் ட்ரக் நிமிர்ந்தது. ட்ரெயிலரும் தலையை நிமிர்த்தியது. லைட் தெருவைப் பார்த்தது. பின்பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. ஒரு நாய்க்குட்டி படுக்கலாம்.

மற்ற விசயம், இனி ட்ரக்கை ஓடப்போவது புனிதம். "கையிலை பிடிப்பில்லாத மனுசன் வீட்டை இழுத்துக்கொண்டு மலையிலை இறங்கிறதோ" என்று கேட்டு, சாவியை எடுத்துக்கொண்டாள். அவள் ஓடிப் பழகியது சின்னக் கார், அதுவும் கோயிலுக்கும் கடைக்கும். கோர்டியின் முற்றத்தில் பின்னேரம் முழுக்கப் பழக்கினேன். பின்பக்கமாக விடும்போது இடம் திருப்பினால் ட்ரெயிலர் வலம் போகும் என்று விளங்கப்படுத்தினேன்.

"உங்கடை ஆக்கள் மாதிரி" என்றாள். என் தமையன்மாரைச் சொல்கிறாள்.

இரண்டு எண்ணெய்ப் பீப்பாக்களைச் சாய்த்தாள். இரண்டும் வெறும் பீப்பா. கோர்டி கை தட்டினார்.

ஜூன் 19, வியாழன்

வேல்மவுண்டில் தங்குகிறோம். புனிதம் ஓடினாள், நான் இருந்தேன்.

இந்த மலைகளுக்கிடையில் நான் வேலை செய்திருக்கிறேன். இரண்டு பனிக்காலம் இங்கே குழாய் ஒட்டினேன். ஆனால் நான் பார்த்தது குழாயும் குழாயும் சேரும் இடத்தை மட்டும்தான், அதுவும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளால். இன்று பக்கத்து ஆசனத்தில் வேலையற்று இருந்தபோது மலை வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் ஆறு, பச்சைப் பால் மாதிரி. ஓரிடத்தில் வாய் திறந்து, "எப்பிடி நிக்குது பாரும்" என்று சொல்லிவிட்டேன்.

"என்னாலை பார்க்க ஏலாது, நான் ஓடுறன்" என்றாள் புனிதம். அவளுக்கு மலையைக் காட்டத்தான் இந்தப் பயணம். காட்டுகிற இலட்சணம் இது. ஓய்விடங்கள் எல்லாவற்றிலும் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். நிறுத்தினோம். அவள் பார்த்து முடித்து வரும் வரை, பின்னால் எங்களைச் சபித்துக்கொண்டு வந்த கார்கள் எல்லாம் சந்தோசமாகப் போயின. ஒருவன் கை காட்டினான். இந்த முறை நான் உறுதிப்படுத்திக்கொண்டுதான் பதிலுக்குக் காட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

கம்லூப்ஸ்.

தர்ஷிகாவின் வீடு ஒரு சரிவில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய வழி, அதற்குள் ட்ரெயிலரைப் பின்பக்கமாக விட வேண்டும். ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் அவளுடைய புதுக் கார். அம்மா சாரதி ஆசனத்தில் இருப்பதைக் கண்டதும் பிள்ளை வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா ஓடுறாவோ? மெசின் எங்கை, அப்பா?"

"பொறு பிள்ளை, முதல் இதை விடுவம்" என்று சொல்லிவிட்டு நான் பின்னால் போய் நின்றேன். யாரோ நின்று பாதை காட்ட வேண்டுமே. கையை உயர்த்தி, இடப்பக்கம் வா என்று காட்டினேன். ட்ரெயிலர் வலம் வந்தது. நிறுத்து என்று காட்டினேன். நிற்கவில்லை. வேலியில் ஒரு பலகை முறிந்தது. புனிதம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"கையை ஆட்டாதேங்கோ. இடமோ வலமோ எண்டு ஒண்டை வடிவாக் காட்டுங்கோ."

"நான் ஆட்டேல்லை புனிதம். அது தானா ஆடுது."

பிறகு ட்ரக்குக்குள்ளிருந்து அவள் சிரிப்புக் கேட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள், ஹோர்ன் அடிபட்டது, நிமிர்ந்து மீண்டும் சிரித்தாள். நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து வீட்டு மனிதர் வெளியே வந்து பார்த்தார்.

தர்ஷிகா சிரிக்கவில்லை. படியிலிருந்து இறங்கி வந்தாள். என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா தானா ஆடுது?"

கையைச் சட்டைப்பைக்குள் போடத்தான் முதலில் நினைத்தேன். புனிதம் வாங்கித் தந்த அந்தச் சட்டையில் பையும் இல்லை.

"ட்ரெயிலரை முதல் நேர விடுவம் பிள்ளை. நீ அந்தப் பக்கம் நிண்டு அம்மாவுக்குக் காட்டு. பிறகு இருந்து சொல்லுறன்."

அவள் காட்டினாள். புனிதம் விட்டாள். உள்ளே போய், தேத்தண்ணீர் போட்டு, மூன்று பேரும் மேசையில் இருந்தோம்.

சொன்னேன்.